சம்பந்தி போட்டுக் கொடுத்த வெந்நீர் டேங்க்

வளைகாப்பு முடிந்து என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே, அவள் மாமனார் கீழ்வேளூரிலிருந்து வேனில் ஒரு சோலார் வெந்நீர் டேங்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு அதுதான் வியாபாரம். வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் அதுவரை யார் வீட்டு மாடியிலும் அப்படி ஒன்று கிடையாது.

“புத்தம் புதுசு சம்பந்தி. என் பேரப்பிள்ளை குளிக்கப்போற தண்ணி. நீங்க அடுப்ப ஊதிக்கிட்டுக் கெடக்க வேணாம்னு நானே கொண்டாந்துட்டேன்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணைக் கொடுக்கும் இடம் நல்ல இடமாக அமையணும் என்று எத்தனை கோயில் வாசலில் நின்றிருப்பேன்! டேங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வந்தவர் போனவரையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். “ஒங்க சம்பந்தி புராணம் கேட்டாச்சுங்க, வேற சேதி இருந்தா சொல்லுங்க” என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். அந்தக் கேலியும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் பேத்தி பிறந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு நொச்சி, வேப்பிலை, புளிய இலை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, அதை டேங்க் வெந்நீரில் கலந்து ஊற்றுவாள் என் மனைவி. அந்தத் தண்ணீர் எப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும். குழந்தைக்கு மஞ்சளும் பயத்தமாவும். துண்டில் கறை படிந்தால் மஞ்சள் என்றோம். வாளியின் அடியில் மண் மாதிரி ஏதாவது தங்கினால் இலைத்தூசி என்றோம். வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

மார்கழியில் ஒரு விடிகாலை. பூசை அறையில் ஒரு சின்ன வெள்ளைச் சலவைக்கல் பிள்ளையார் உண்டு. அவருக்கு நான்தான் அபிஷேகம் செய்வேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு மட்டும் வெந்நீர், சாமிக்குப் பச்சைத் தண்ணீரா என்று மனசு கேட்கவில்லை. டேங்க் குழாயில் ஒரு செம்பு பிடித்து ஊற்றினேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் தும்பிக்கை மடிப்பிலும் தொப்பைக்குக் கீழேயும் காவி நிறத்தில் கோடு. விரலால் தேய்த்தேன், நறநறத்தது. இதில் இலையும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெறும் துரு.

தெருவில் இருக்கும் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். மேலே போர்த்தியிருந்த தகரத்தை அவர் கழற்றினார். சூடு ஆறாமலிருக்க உள்ளே சுற்றியிருந்த பஞ்சு ஊறிப்போய்ச் சேறாக இருந்தது. டேங்கைத் துரு தின்னாமல் இருக்க, தன்னைத் தின்னக் கொடுக்கிற கம்பி ஒன்று உள்ளே இருக்கணுமாம். கம்பி இருக்க வேண்டிய ஓட்டையை மூடி போட்டு முறுக்கி வைத்திருந்தது.

“இத யாருங்க போட்டது?”

“சம்பந்தி.”

“அப்ப நான் ஒண்ணும் சொல்லலீங்க.”

“பரவால்ல, சொல்லுங்க.”

“மேல இருக்க தகரம் மட்டுந்தாங்க புதுசு. உள்ள இருக்கறது எங்கயோ ரொம்ப வருசம் ஓடுனது. ஒட்டுப் போட்டு மேல பெயின்ட் அடிச்சிருக்கு.”

“இன்னொரு ஒட்டுப் போட முடியாதா?”

“ஒட்டுற எடமே கையோட வருதே, பாருங்க.” அவர் கையில் பொரி மாதிரி உதிர்ந்து கிடந்தது.

வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இது யார் குளிக்கிற தண்ணீர் என்று தெரிந்தே கொண்டுவந்து வைத்தவர். அவர் வாயால்தானே பேரப்பிள்ளை என்று சொன்னார்? கீழே இறங்கி வந்ததும் சம்பந்தியைக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். மகள் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“மாமாகிட்ட கேக்க வேணாம்பா.”

“ஏன்?”

“அது அவங்க குடும்பத்துப் பழைய கல்யாண மண்டபத்துல ஓடுன டேங்க். இடிக்கிறப்போ கழட்டிக் கொல்லையில போட்டிருந்தாங்க. பெயின்ட் அடிக்கிறப்ப நான் பாத்தேன்.”

“தெரிஞ்சும் நீ ஒரு வார்த்த சொல்லலியே?”

“நீங்க சூடம் காட்டிக்கிட்டு நின்னீங்க. எப்படிச் சொல்றது? நான் திரும்பிப் போகப்போறது அந்த வீட்டுக்குத்தானேப்பா.”

போனைக் கீழே வைத்தேன். சம்பந்தி செய்தது வெளியே இருந்து விழுந்த அடி. இது எங்கிருந்து விழுந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே என் மனைவி கொல்லையில் செங்கல் அடுக்கி அண்டாவை ஏற்றினாள். மகளிடம் நான் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

தை பிறந்து, அறுப்பெல்லாம் முடிந்தபின் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக சம்பந்தி காரில் வந்தார். கொல்லைப் பக்கம் கைகழுவப் போனவர் எரிகிற அடுப்பைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

“என்ன சம்பந்தி, பழக்கத்த விடமாட்டீங்க போலிருக்கே!” என்று சிரித்தார். “டேங்க்ல வெந்நீர் நல்லா வருதில்ல?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

“நல்லா வருது மாமா. அம்மாதான் கேக்க மாட்டேங்கறாங்க.”

சம்பந்தி தலையை ஆட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அவள் என்னைப் பார்க்காமல் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். கிளம்பும்போது திருநீறு பூசிவிடச் சொல்லி என் முன்னால் குனிந்து நின்றாள். குழந்தைக்குப் பூசினேன். அவள் நெற்றியிலும் பூசினேன். நல்லா இரும்மா என்று எப்போதும் வாய்விட்டுச் சொல்வேன். அன்றைக்கு மனசுக்குள் மட்டும்தான் சொல்ல முடிந்தது.