பின்னறையில் கிடந்த இயந்திரம்

கடைத்தெருவில் அவரைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். தராசு பழுது பார்ப்பது தொழில். முள் மயிரிழை சாய்ந்தாலும் பொறுக்கமாட்டார். அடுத்த கடையிலிருந்து தவறி வந்த திருகாணியைக்கூடத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவார். இப்படியும் ஒரு மனுஷனா என்று தெரு சிரிக்கும். அந்த நேர்மைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

பயம் அவர் அப்பாவைப் பற்றியது. சின்ன வயதில் வீட்டுப் பின்னறை எப்போதும் பூட்டியே இருக்கும். உள்ளேயிருந்து தொம் தொம்மென்று சத்தம் வரும். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாலே அப்பா முதுகில் ஒன்று வைப்பார். பள்ளிக்கூடத்தில் ஒருவன் காதைக் கடித்தான்: "உங்கப்பா கள்ளக் காசு அடிக்கிறாராமே?" அன்றிலிருந்து அது நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு பூட்டைத் திறக்க மனசு வரவில்லை.

இந்த மழைக்குப் பின்னறைக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பூட்டை உடைத்தார்கள். நடுவில், தாழ்வான மரக்கட்டை மேல், துருப்பிடித்த ஒரு இரும்புச் சாமான். செங்குத்தாக ஒரு பருத்த திருகு. அதன் தலையில் குறுக்கே நீளக் கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் தேங்காய்ப் பருமனுக்கு இரும்புக் குண்டு.

விலை பேச வந்த பழைய இரும்புக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. காசு அடிக்கிற மெஷின் மாதிரி இருக்கே." அதற்கு மேல் நிற்காமல் நழுவிவிட்டார்.

தராசு அவசரமாகக் கதவைச் சாத்தப் போனார். மனைவி அசரவில்லை.

"உங்கப்பா காசு அடிச்சிருந்தா இந்தக் கூரை ஏன் ஒழுகுது?"

"வெளையாடாத."

"வெளையாடலைங்க. பயந்து பயந்தே கெழவனாயிட்டீங்க. என்னவா இருந்தாலும் சேந்தே பாத்துருவோம்." மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் எடுத்து வந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

திருகுக்கு நேர் கீழே ஒரு அச்சு இருந்தது. கிரீஸ் கல்லாக இறுகிப் போயிருந்தது. அவர் சுரண்டச் சுரண்ட வட்டமாக ஒரு குழி தெரிந்தது, விளிம்பெல்லாம் மணிமணியாக. அவர் கை நின்றுவிட்டது. "போதும். மூடிரலாம்."

அவள் போய், ஊறிப்போன சோப்புத் துண்டை எடுத்து வந்து குழியில் அமுக்கி, மெல்ல உருவினாள். சோப்பின் நடுவில் ஒரு ஊதுகுழல் உருவம் பதிந்திருந்தது. எண் இல்லை, எழுத்து இல்லை.

அவர் சோப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல குமிழ் மாதிரி உப்பி இருக்கு. காசுன்னா தட்டையா இல்ல இருக்கணும்? இதை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவே முடியாதே."

கட்டைக்குப் பின்னால் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்த பித்தளைத் தகடு கிடந்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை, அவ்வளவு மெலிசு.

"பட்டனுங்க இது," என்றாள் அவள். "பேண்டு வாசிக்கிறவங்க கோட்டுல நெஞ்சு நெறைய மின்னுமே, அது."

நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் அப்பாவின் தங்கைக்குப் போன் போட்டார்.

"பட்டன்தான்டா," என்றார் அத்தை. "சுத்துவட்டாரத்துல இருந்த பேண்டு செட்டுக்கெல்லாம் உங்கப்பன்தான் அடிச்சுக் குடுத்தான். காசா? எவன் சொன்னான்?"

"அப்புறம் ஏன் அத்தை அறையைப் பூட்டியே வெச்சாரு?"

"அந்தக் கம்பியை ஒரு சுத்து சுத்திப் பாரு."

திருகுக்கு எண்ணெய் விட்டு, மனைவியைத் தள்ளி நிற்கச் சொல்லி, பலமாகத் தள்ளினார். குண்டு விர்ரென்று சுழன்று அவர் இடுப்புக்குச் சற்று மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு சின்னப் பையனின் தலை இருக்கும் உயரம்.

கம்பி ஓய்ந்து நின்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்," என்றார்.

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்று அவள் முந்தானையால் அவர் முகத்து அழுக்கைத் துடைத்தாள்.

மறுநாள் டீக்கடையில், யாரும் கேட்காமலே, "எங்கப்பா பட்டன் அடிச்சவரு, தெரியுமா?" என்று தொடங்கினார். வாய் மூடவே இல்லை. டீ ஆறிப்போகிறது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் விழவில்லை.