பச்சைத்தண்ணி

மூன்று வயதில் ஒரு சொல் இத்தாலியமும் தெரியாமல் பலேர்மோவுக்கு வந்த நிலக்ஷி, பத்து வயதில் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்துப்பிழை திருத்தினாள். சமையல் பள்ளிக்கூடமே போதுமென்ற ஆசிரியையை மீறி விஞ்ஞானப் பிரிவில் இடம்பிடித்தாள். தாதியாக்க நினைத்த அம்மாவையும் வென்று பல்கலைக்கழகத்தில் இரசாயனம் எடுத்தாள். நிக்கல் மட்டும் மசியவில்லை.

பட்டத்துக்காக அவள் செய்த நிக்கல் சேர்வை சிவப்புத் தூள். தண்ணீரில் கரைத்தால் அது பச்சையாக வேண்டும். மூன்று முறை கரைத்தாள். சிவப்பு சிவப்பாகவே நின்றது. யூன் முடியுமுன் மாறாவிட்டால் பட்டம் பிந்தும். மிலானில் கிடைத்த மேற்படிப்பு இடமும் போய்விடும்.

"நிக்கலை நாலு பக்கத்தாலை பிடிச்சால் இலத்திரன் எல்லாம் சோடியா நிக்கும், அக்கா. காந்தம் இழுக்காது. தண்ணி மேலையும் கீழையும் வந்து பிடிச்சால் ரெண்டு தனிச்சுப்போகும். அப்ப நிறமும் மாறும், காந்தமும் இழுக்கும்," என்று நிலக்ஷி விளக்கினாள்.

"விளங்குது. பூசை முடியத் தனிச்சு நிக்கிற பெட்டையளை மாமிமார் இழுக்கிறமாதிரி," என்றாள் அக்கா றோசமலர்.

லிபெர்த்தா வீதியில் தான் வேலைபார்க்கும் இத்தாலிய அம்மா, சிஞ்ஞோராவின் வீட்டில் றோசமலர் சட்டைக் கொலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தங்கையின் குரல்பதிவு வந்தது. அழுகை கலந்த குரல்.

"அக்கா, பச்சைத்தண்ணி! முழுக்கப் பச்சைத்தண்ணி!"

றோசமலர் பதிவை இன்னொருமுறை கேட்டாள். இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் வெறுந்தண்ணீர்தானா? இஸ்திரிப்பெட்டியை நிறுத்தி, வயரைச் சுற்றி வைத்து, சிஞ்ஞோராவிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் கபோ சந்தையில் தங்கைக்குப் பிடித்த கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கினாள். வெறும் வயிற்றோடு ஆறுதல் கேட்க யாருக்கும் பிடிக்காது.

ஆய்வுகூட வாசலில் நிலக்ஷி குதித்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லையடி. மிலான் ஓடியே போகப்போகுது?"

"என்ன பரவாயில்லை? இஞ்சை பார்!"

கண்ணாடிக் குழாயில் மாங்காய்த் தோல் நிறத்தில் திரவம் மினுங்கியது.

"அடி விசரி! பச்சைத்தண்ணி எண்டால் காய்ச்சாத சும்மா தண்ணியடி!"

"தண்ணி பச்சையா இருந்தால் வேறை என்னெண்டு சொல்லுறது?"

குழாயிலேயே சுடுதண்ணீர் வரும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லை யார் சொல்லிக்கொடுத்தது? றோசமலர் சிரித்துச் சிரித்துப் பாணை நசித்துவிட்டாள்.

ஆனால் நிறம் மட்டும் போதாது. காந்தத் தராசும் ஓமென்று சொல்லவேண்டும். நிலக்ஷி குழாயைத் துடைத்து உள்ளே இறக்கினாள். சிவப்புத் தூளுக்குச் சுழியத்துக்குக் கீழே நின்ற எண், இப்போது மேலே ஏறி நின்றது.

"இழுக்குது!" என்று முதலில் கத்தியவள் றோசமலர்தான்.

பேராசிரியை வந்து பார்த்து, தலையசைத்து, போத்தலில் ஒட்டும் துண்டை நீட்டினார். ஆய்வுகூடப் போத்தல்களில் செய்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இதுவரை மற்றவர்கள்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். நிலக்ஷி பேனையை எடுத்து, தன் பெயரைத் தமிழில் எழுதினாள். "க்ஷி" வடிவாக வந்திருக்கிறதா என்று றோசமலர் குனிந்து பார்த்தாள். வந்திருந்தது. அதன் கீழே திகதி: 2025 யூன் 17.