கரைமேட்டு வேம்பும் பெட்டிக்கட்டை வண்டும்

அதனால்தான் சொல்கிறேன், கரைமேட்டு அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் தேங்காய், பூ, எலுமிச்சம்பழம் என்று எது வேண்டுமானாலும் கொண்டு போங்கள். திரும்பும்போது அந்த வேப்பமரத்திலிருந்து ஒரு குச்சியைக்கூட எடுத்து வராதீர்கள். போன கார்த்திகை தீபத்தன்று நான் போய் வந்ததைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

என் நாத்தனார் சரோஜாதான் அந்தக் கோயிலைப் பெருக்கி விளக்கேற்றுகிறவள். முதல் நாள் போனில் அழுதாள். "அண்ணி, மரத்துல வண்டு உழுந்துட்ச்சு. நாளைக்கு விவசாய ஆபீசர் வராங்களாம். மரத்தையே எடுத்துடுவாங்களோன்னு பயமா கீது." பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டும் மரம் அது. என் பெரியவனும் அங்கே வேண்டிப் பிறந்தவன்தான். போகாமல் இருப்பேனா?

காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறினேன். ஒரகடம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். படப்பை வரை உட்கார இடமில்லை, எல்லாம் ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகள். ஒரகடத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய்.

"இன்னாம்மா, மரம் அறுக்கறத பாக்கவா?" என்றார் டிரைவர். "அந்த வண்டு மிஷின் வர்ற பொட்டில வந்துதும்மா. கப்பல்லேர்ந்து எறக்கி இங்க கம்பெனி கெடங்குல ஒடைக்கற பொட்டி. அந்தக் கட்டையத்தான் வாடகை ரூமு பசங்க வென்னீர் போட வாங்கினு போறாங்க."

"நீ வாங்கலையாப்பா?"

"என் வூட்ல காஸ் அடுப்பும்மா. நான் ஏத்தினு வந்து எறக்கறதோட சரி."

ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய கிளை ஒன்றை அறுத்துத் துண்டு போட்டிருந்தார்கள். ஆபீசர் சின்ன வயசுப் பெண். அடிமரத்துத் துளைகளில் மருந்துப் பஞ்சு திணித்து மண்ணால் அடைத்துக்கொண்டே சொன்னாள்: "மரம் பொழைச்சுக்கும்மா. ஆனா இந்தக் கிளைக்குள்ள புழு இருக்கு. அது வண்டாகிப் பறந்தா தெருவுல ஒரு மரம் தங்காது. இந்த மரத்துக்கும் திரும்ப வரும். அப்புறம் அடியோட வெட்டத்தான் வேணும். இன்னைக்கே எரிச்சிடணும்."

சரோஜாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தால் கீழே ஒரு துண்டுகூட இல்லை. அம்மன் மரம் தரையில் கிடக்கலாமா என்று கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்றாக மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பூஜை மாடத்தில் வைக்க.

ஆபீசர் பின்னாலேயே ஓடினாள். திருப்பிக் கேட்டால், "அம்மனக் கொண்டாந்து குப்பைல கொளுத்தச் சொல்றியா?" என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தானே.

எனக்கு அம்மன்தான் புத்தி கொடுத்தாள். "சரோஜா, சாயந்திரம் சொக்கப்பனை கொளுத்துவீங்களே, அதுல போட்டா?"

"பனை மட்டுந்தான் அண்ணி வழக்கம்."

"அவ கிளை அவ சன்னதியில ஜோதியாவறதுக்கு யாரைக் கேக்கணும்?"

 சரோஜா நேராகப் போய்க் கோயில் மைக்கை எடுத்தாள். "வூட்டுக்கு எட்த்துனு போன கட்டய அம்மா திருப்பிக் கேக்கறா. ஏ செல்வி, உன் மாமியா முந்தானைல மறைச்சத நானே பாத்தேன். கொண்டா."

ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க ஆபீசர் அறுபட்ட முனையோடு முனை வைத்துக் கிளையைத் தெருவிலேயே பழையபடி நீட்டிச் சேர்த்தாள். நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஊரே தேடியது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த செல்வியின் மாமியார்தான் கண்டுபிடித்தாள்: ஆடுகிற பெஞ்சுக்கு டீக்கடைக்காரர் முட்டுக் கொடுத்திருந்தார். "என்னிய திருடின்னு மைக்குல சொன்னாங்களே, இவர இன்னா சொல்லுவாங்க?" என்று அவள் கேட்டதில் தெருவே சிரித்தது.

அதைப் பார்த்து வாடகை ரூமிலிருக்கும் திருநெல்வேலிப் பையன்கள் நாலு பேர் தங்கள் பெட்டிக்கட்டைக் கட்டிலையே தூக்கி வந்தார்கள். "இதுலயும் தூளு கொட்டுதும்மா. நாங்க தரையில படுத்துக்கிடுதோம்."

பச்சைக் கட்டை பிடிக்குமா என்று பயந்தோம். பிளந்து, அந்தக் காய்ந்த பெட்டிக் கட்டைகளை அடியில் அடுக்கியதும் ஆறு மணிக்குப் பிடித்துக்கொண்டது. பனை உயரத்துக்கு ஜோதி. கிடங்கு ஆட்கள், ஊர்க்காரர்கள், மாதா கோயில் தெருக்காரர்கள்கூட வந்து நின்றார்கள். தாயே, உன்னைத் தின்ன வந்ததை நீயே தின்றுவிட்டாய் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு தீபத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: காலை ஆறிலிருந்து பதினொன்று, சாயந்திரம் நாலரையிலிருந்து எட்டு வரை நடை திறந்திருக்கும். பொங்கல் வைக்க விறகு உங்கள் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே வாங்கி, அங்கேயே எரித்துவிட்டு வாருங்கள். வண்டுக்கு இறக்கை இருந்தாலும் அதை வெகுதூரம் சுமந்து போகிறவர்கள் நாம்தான்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேனே. பக்கத்து மூன்று ஊர்களிலும் வண்டு விழுந்த கிளைகள் இருக்கின்றனவாம். அந்த ஆபீசர் பெண்ணே நேற்றுச் சரோஜாவுக்குப் போன் செய்து, இந்த வருஷம் தீபம் என்றைக்கு வருகிறது என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கே அறுக்க ஆள் அனுப்பி, அந்தந்த ஊர்ச் சொக்கப்பனையிலேயே போடச் சொல்வாளாம்.