கிராஸ் மேஜர்காரி

ஜெர்மனிக்கு வந்த புதிதில், எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிய ஒரு பெண்மணி நின்று மூச்சு வாங்கி, "நான் பிர்கிட். கணக்கும் விளையாட்டும்" என்றார். தனக்குப் பிடித்ததைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் என் அரைகுறை டாய்ச் மொழியில், "நான் நித்யா. தூக்கமும் தோசையும்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் கைப்பிடி சுவரில் இடித்தது. வீட்டுக்குள் போய்க் கணவரிடம் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, அவங்க டீச்சர். எந்தெந்தப் பாடம்னு சொல்லியிருக்காங்க."

பின்னால்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது, இங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடங்கள் படித்திருக்க வேண்டும். ஒன்று போதாது. வேதியியலும் இசையும், லத்தீனும் புவியியலும், கணக்கும் விளையாட்டும் என்று ஒட்டாத இரண்டை ஒருவரே சேர்த்துப் படிக்கிறார்கள், பெயருக்குப் பின்னால் பட்டம் மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். அடுத்த முறை படியில் பார்த்தபோது, நானும் ஊரில் ஆசிரியர்தான், கணக்கு என்று பிர்கிட்டிடம் சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கி, "மாத்தே உண்ட்...?" என்று இழுத்தார். கணக்கும்...? அந்த 'உண்ட்' அந்தரத்தில் நின்றது. "வேறெதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான்" என்று அவசரமாகச் சொன்னேன். பொய். எனக்கு இன்னொரு பாடம் இருந்தது. நல்ல மதிப்பெண்ணோடு, ஆசையாகப் படித்த பாடம். அதை வெளியே சொல்லக் கூடாது என்று பெரம்பலூரும் அரியலூரும் எனக்கு நன்றாகப் பழக்கிவிட்டிருந்தன.

நான் செட்டிகுளத்துப் பெண். அப்பா சின்ன வெங்காயம் போடுகிறவர். பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன், அப்புறம் பி.எட். எம்.எஸ்சி. சேர நினைத்தபோது நான் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியில் இயற்பியல் முதுகலை கிடையாது. கணக்கு இருந்தது. துணைப்பாடமாகக் கணக்கு படித்தவர்களும் சேரலாம் என்றார்கள். சேர்ந்தேன். சேரும்போது யாரும் தடுக்கவில்லை. முதல் வகுப்பில் தேறினேன். இரண்டும் தெரிந்த டீச்சர் என்றால் கொத்திக்கொண்டு போவார்கள் என்று நம்பினேன். அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்.

கல்லங்குறிச்சி தாண்டி ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிக வேலை. தலைமையாசிரியர் என் முகத்தைக்கூட சரியாகப் பார்க்கவில்லை. "எம்.எஸ்சி. மேத்ஸா? நாளைக்கே வந்துருங்கம்மா. சோசியல் சயின்ஸ் சாரு பாவம், கணக்குக் கிளாஸுல போயி உக்காந்து புள்ளைங்கள மேய்ச்சிட்டு இருக்காரு."

அந்தப் பிள்ளைகளுக்குத் தொகைநுண்கணிதம் என்றால் பயம். பள்ளிக்கூட வாசலில் நாள் முழுக்க சிமெண்ட் லாரி போகும். நான் லாரியிலிருந்து தொடங்கினேன். இந்த நொடியில் இவ்வளவு வேகம், அடுத்த நொடியில் இவ்வளவு, அப்படியானால் அரியலூர் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு தூரம்? கணக்கை இயற்பியலுக்குள் வைத்துக் கொடுத்தபோது அது அவர்களுக்குள் இறங்கியது. ராஜேஸ்வரி என்ற மாணவி, வாய்த்துடுக்குக்காரி, ஒருநாள் எழுந்து சொன்னாள்: "மிஸ், இண்டக்ரேஷன்னாலே எங்களுக்கு வவுத்தக் கலக்கும். நீங்க லாரிய வுட்டீங்க பாருங்க, அப்பலேர்ந்து கலக்க மாட்டேங்குது." வகுப்பே சிரித்தது. ஒரு டீச்சருக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

வேண்டுமாம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம் பள்ளிக்கு ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார்.

"யு.ஜி. என்னம்மா?"

"ஃபிசிக்ஸ் சார்."

"பி.ஜி.?"

"மேத்ஸ் சார்."

"கிராஸ் மேஜர். செல்லாது." ஏதோ கிழிந்த ரூபாய் நோட்டைத் திருப்பித் தருகிற மாதிரி சொன்னார். "ஏம்மா மாத்துனீங்க?"

"எங்க காலேஜுல எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் இல்லீங்க சார்."

"அதுக்கு நாங்க என்ன பண்றது?"

தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "சார், புள்ளைங்க இப்பதான் கொஞ்சம் தலையெடுக்குதுங்க. வேற ஆளு வர்ற வரைக்குமாச்சும் இருந்துட்டுப் போவட்டும்."

"ஆளு இல்லாம இருக்கலாம் சார். தகுதியில்லாத ஆளு இருக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. கல்லூரியும் அரசாங்கத்துடையது, விதியும் அரசாங்கத்துடையது. ஒரு கை என்னை உள்ளே விட்டுப் பட்டம் கொடுத்தது, இன்னொரு கை அந்தப் பட்டத்தைக் காட்டியே வெளியே தள்ளியது. இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அரியலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் வார்த்தைகள் வரிசையாக வந்தன. மறுநாளிலிருந்து அந்த வகுப்புக்கு மறுபடியும் சோசியல் சயின்ஸ் சார் போனார்.

விதியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். கணக்கு தெரியாதவர் கணக்கு நடத்தக் கூடாது, சரி. இளங்கலையிலிருந்தே ஒரே பாடத்தில் ஊறியவருக்கு ஆழம் இருக்கும் என்ற நினைப்பில் யாரோ எழுதிய விதி, அதுவும் புரிகிறது. ஆனால் நான் போர்டில் எழுதியதை ஒரு பத்து நிமிடம் நின்று பார்க்க அந்த அதிகாரிக்கு நேரம் இல்லை. வகுப்புக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் படிப்பின் தலைப்புகள் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் அவருடைய கேள்வி. அறிவியல் ஆசிரியருக்கான தகுதித் தேர்வு எழுதிக் காத்திருக்கலாமே என்பீர்கள். எழுதினேன், தேறினேன், காத்திருந்தேன். இடைப்பட்ட நாட்களில் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளிக்கு நேர்முகத்துக்குப் போனபோது அதன் தாளாளர் தணிந்த குரலில் புத்தி சொன்னார்: "பி.எஸ்சி. பேச்சையே எடுக்காதீங்க மேடம். யாரு கேட்டாலும் மேத்ஸுன்னு மட்டும் சொல்லுங்க." அன்றிலிருந்து என் இயற்பியல், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உள்ளறையில் இருக்கச் சொல்லப்படும் ஆளாகிவிட்டது.

அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே ஜெர்மனியில் ஆசிரியர் தகுதி ஆலோசனை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் டாய்ச் படித்து, நடுக்கம் தெரியாமல் பேசத் தொடங்கியிருந்த சமயம். எதிரே இருந்தவர் மரியாதையாகக் கேட்டார், என்ன பாடம்? கணக்கு. வேறு? வேறு எதுவும் இல்லை. "ஷாடே" என்றார். அடடா என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாடத்தோடு இந்த மாநிலத்தில் முழு ஆசிரியராக முடியாது, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டாவது பாடம் படித்துவிட்டு வாருங்கள் என்றார். முதுகலைக் கணக்கு படித்தவள் பாதி டீச்சரா?

அன்றைக்கே ஷமீனாவுக்குப் போன் போட்டேன். லெப்பைக்குடிகாட்டுக்காரி, பி.எட்.டில் எனக்குப் பக்கத்து பெஞ்ச், இப்போது கணவரோடு ஷார்ஜாவில் இருக்கிறாள். இளங்கலை, முதுகலை இரண்டும் கணக்கு. எங்கள் ஊர் விதிக்கு அச்சில் வார்த்த மாதிரி ஆள்.

"நீ இங்க வந்தா உனக்கும் இதே கதிதான்டி. ஒரு பாடம்னா பாதி டீச்சராம்."

"யா அல்லாஹ்! ஒரே சப்ஜெக்ட்ட அஞ்சு வருஷம் மாங்கு மாங்குன்னு படிச்சதுக்குப் பாதியா? ஏன்டி, அப்ப உன்ன மாதிரி தாவிக் குதிச்சவளுக்கு முழுசு குடுப்பாங்களா?"

கிண்டலுக்குத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் மறைத்து வைத்திருப்பது இங்கே கறையாக இல்லாமலும் இருக்கலாம் என்று என் மூளைக்கு ஏறவே இல்லை. அந்த அளவுக்குப் பழக்கியிருந்தார்கள்.

பிர்கிட் தன் பள்ளியில், மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவும் வேலை ஒன்றை எனக்கு வாங்கித் தந்தார். ஒரு மாலை எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் மின்சுற்றுப் படத்தை வைத்துக்கொண்டு முழித்தார்கள். நான் என்னை மறந்து பென்சிலை வாங்கி, மின்னோட்டம் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று வரைந்து காட்டி, தாளைக் கவிழ்த்து அவர்களையே வரையவும் வைத்துவிட்டேன். நிமிர்ந்தால் பிர்கிட் கதவோரம் நிற்கிறார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

பிடிபட்டவள் மாதிரி எழுந்து நின்றேன். "மன்னிக்கணும். முதலில் இயற்பியல்தான் படித்தேன். பிறகு மாற்றிவிட்டேன். என் தவறில்லை, கல்லூரியில் அந்தப் பாடம் இல்லை..."

"எதற்கு மன்னிப்பு?"

"இரண்டு பாடம் படித்ததற்கு."

பிர்கிட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "நித்யா, இந்தப் பள்ளியில் ஒரு வருஷமாக இயற்பியலுக்கு ஆள் தேடுகிறோம்!"

அவரே என்னை அந்த ஆலோசனை அலுவலகத்துக்கு மறுபடியும் இழுத்துக்கொண்டு போனார். அதே மனிதர், அதே மேசை. "ஏன் மாற்றினீர்கள்?" என்று அவரும் கேட்டார். கல்லங்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரியே விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்றார். சில மாதம் கழித்து முடிவு வந்தது. கணக்கு, இயற்பியல் இரண்டும் ஏற்கப்பட்டன. விடுபட்டவற்றைப் படித்தபடியே பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும், முடித்தால் முழு ஆசிரியர்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ட்ராமில் ஏறி உட்கார்ந்ததும் கோபம் வந்தது. அதே நான், அதே படிப்பு. வயிறு கலங்கிய அந்தப் பிள்ளைகளுக்கு ஆகாத நான், யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு ஆகிறேன். ஷமீனாவுக்கோ இது அப்படியே தலைகீழ். யாராவது ஒருவராவது வகுப்பறைக்குள் வந்து நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்திருக்கிறார்களா? அங்கும் இல்லை, இங்கும் இல்லை. அப்பாவிடம் போனில் சொன்னேன். "அதென்ன, பாஸ்போர்ட்டு மாதிரி படிப்பும் ஊருக்கு ஊரு வேறயா?" என்றவர், அதே மூச்சில், "அப்ப இங்கிட்டு வர மாட்டியா?" என்றார். நான் பதில் சொல்லுமுன், மோட்டார் போடணும் என்று வைத்துவிட்டார்.

பயிற்சி தொடங்கிய முதல் வாரம் அது. முதல் வகுப்பு கணக்கு, அடுத்தது இயற்பியல். இடைவேளையில் ராஜேஸ்வரியின் குரல் பதிவு ஒன்று வந்தது. "மிஸ், நல்லாருக்கீங்களா? நான் உங்கள மாதிரியே பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடிச்சிட்டேன் மிஸ். இப்ப எம்.எஸ்சி. மேத்ஸ் சேரப்போறேன். ரெண்டும் தெரிஞ்சாத்தான உங்கள மாதிரி நடத்த முடியும்! நம்ம ஸ்கூலுக்கே டீச்சரா வந்துருவேன் பாருங்க. இன்னும் மேத்ஸுக்கு ஆளே வரல மிஸ்."

வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்று பதிவு செய்தேன். "வேணாம் ராஜி. மேத்ஸ் சேராத. திருச்சிக்குப் போயாவது ஃபிசிக்ஸே படி. கிராஸ் மேஜர் ஆயிடும், நம்மூர்ல செல்லாது."

அந்த அதிகாரியின் சொல், என் குரலில். அனுப்பிய பிறகு எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. ஆனால் அது சரியான யோசனை. அவள் ஊரில் டீச்சராக வேண்டும் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மணி அடித்தது. போர்டில் வட்டம் போடும் பெரிய மரக் காம்பஸ் ஒரு கையில், ஒயரும் பல்பும் அடைத்த பெட்டி மறு கையில். கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன், திரையில் ஒரே வரி: "அப்ப நீங்க படிச்சது தப்பா மிஸ்?"

ஆமாம் என்றால் நான் இப்போது நுழையப்போகும் வகுப்பு பொய். இல்லை என்றால் அவள் அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள், யாராவது செல்லாது என்பார்கள். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கதவைத் தோளால்தான் தள்ள வேண்டியிருந்தது. "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னேன். உள்ளே இருந்தவர்கள் எழுந்து நிற்கவில்லை, இங்கே அந்த வழக்கம் இல்லை. போன் இன்னொரு முறை அதிர்ந்து அடங்கியது.