கேட் செய்கிற கடைக்கு வந்த துப்பாக்கி

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்காரி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இப்ப என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள். மற்றவர்களுக்கு அந்த எண்ணெய் வாசனை தீபாவளிச் சட்டையை ஞாபகப்படுத்துமோ என்னவோ, எனக்கு ஒரு துப்பாக்கியைத்தான் ஞாபகப்படுத்துகிறது. துப்பாக்கி என்றால் வீரக்கதை என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். தலைவலிக் கதைதான்.

அப்போது துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில், சிமென்ட் லாரிகள் போகிற ரோட்டில், ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். ஆள் இரண்டே பேர். லேத்தில் தேவண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். மற்ற எல்லாவற்றுக்கும் நான். போன் எடுப்பது, டீ வாங்குவது, வருகிறவர்களிடம் அரபி பேசுவது. அரபி எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திட்டு வாங்கி வாங்கிப் படித்தது. “நீ கதை, நான் கடையிறன்” என்பார் தேவண்ணை. அவ்வளவுதான் எங்கள் கம்பெனி அமைப்பு. தண்ணீர்ப் பம்புக்கு ஷாஃப்ட், தோட்டத்து கேட்டுக்குக் கீல், அது போன்ற வேலைகள்.

எங்கள் இருவர் விசாவும் அர்பாப் பெயரில். அர்பாப் என்றால் முதலாளி, விசாவுக்குப் பொறுப்பான கஃபீல், எல்லாம் அவர்தான். நல்ல மனுஷன். தானே பிளாஸ்கில் கஹ்வா, அதான் அரபிக் காப்பி, கொண்டுவந்து நமக்கு ஊற்றிக்கொடுக்கிற முதலாளியை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்? அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் கம்பளியில் எதையோ பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் தூக்கிவந்தார். பின்னாலேயே அவருடைய அண்ணன். நாங்கள் பெரியவர் என்போம். கம்பளியைப் பிரித்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே, வெள்ளிப் பட்டை கட்டிய பழங்காலத் துப்பாக்கி.

அவர்கள் தாத்தாவுடையது. முன்பக்கம் மருந்து இடிக்கிற ரகம் இல்லை. பின்னால் ஒரு சின்ன இரும்புக் கதவைத் திறந்து தோட்டாவை வைக்கிற ரகம். அந்தக் காலத்துத் தோட்டாவை விளிம்பில் அடித்தால் வெடிக்குமாம். அந்தத் தோட்டா செய்கிறவன் செத்து மண்ணாகிவிட்டான். இப்போது கிடைப்பதெல்லாம் நட்டநடுவில் அடிக்க வேண்டியவை. பெரியவர் மகனுக்குக் கல்யாணம். கல்யாணத்தில் தாத்தா துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டே ஆக வேண்டும், அதுவும் பெரியவர் கையால்.

“அடிக்கிற ஊசியைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளு. கலாஸ், முடிந்தது வேலை!” என்றார் பெரியவர், சுவரில் காலண்டர் ஆணியை நகர்த்தச் சொல்வதுபோல.

அவர்கள் போனதும் தேவண்ணை துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊசி பிரச்சினை இல்லைத் தம்பி. உந்தக் கதவையும் குழலையும் பார். இண்டைக்கு வாற தோட்டாவின்ரை வேகத்தை உது தாங்காது. பின்னாலை வெடிச்சால் சுடுறவரின்ரை கையும் இல்லை, முகமும் இல்லை.”

“அப்ப முடியாதுன்னு சொல்லிருவோமா?”

“ஆர் சொல்லுறது?”

அதுதானே. கஃபீலிடம் முடியாது என்று சொல்ல எந்த ஊரில் வாய் விற்கிறார்கள்? தவிர, துப்பாக்கிக்கு அவர்களிடம் காகிதம் இருந்தது. எங்களிடம் இருந்ததோ கேட் செய்கிற லைசென்ஸ். போலீஸ் வந்து பார்த்தால் அடுத்த பிளைட்.

ஆகவே சாக்குச் சொல்லத் தொடங்கினோம். தொடங்கினோம் என்ன, தேவண்ணை பேசாமல் இருப்பார், நான்தான் சொல்ல வேண்டும். துபாய் தேராவிலிருந்து டூல் வரணும். வந்த டூல் சைஸ் சரியில்லை. தேவண்ணைக்கு இடுப்புப் பிடிப்பு. லேத்தில் பெல்ட் அறுந்துபோச்சு. ஒரு வாரம் சொன்ன சாக்கை மறு வாரம் மறந்து, அறுந்த பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

அர்பாப் வாராவாரம் அண்ணனோடு வந்து சத்தம் போட்டார். “மாஃபி ஷுகுல்! வேலையே நடக்கவில்லை! தூங்குகிறீர்களா இங்கே?” தனியாக வந்தாலோ துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தேவண்ணையின் மகள்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்பார். எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் பொறுமை போய், “அர்பாப், ஷார்ஜாவில் இந்த வேலை தெரிந்த ஆள் இருக்கிறாராம், அங்கே கொடுத்துடுங்களேன்” என்றேன். முறைத்தார் பாருங்கள்! “உன்னிடம் யார் கேட்டது?” என்று கஹ்வாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். வழி சொன்னாலும் குற்றம்.

கல்யாணம் நெருங்கியது. பெரியவர் நேரே என்னிடம் வந்து, “நாளைக்குள் முடியவில்லையென்றால் இருவர் விசாவும் கேன்சல்” என்றார். அர்பாப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார்.

தேவண்ணை நிலைமையைப் பாருங்கள்: இரண்டு பெண் பிள்ளைகள் ஊரில் படிக்கின்றன. மறுநாள் காலை அந்தக் கதவுத் துண்டைக் கழற்றினார். லேத்தில் பிடித்தார். “அண்ணே, வேண்டாம்ணே” என்றேன். “விசர்க் கதை கதையாதை. விசா போனால் நீயே பிள்ளையளுக்கு ஃபீஸ் கட்டுவாய்?” என்றார். கை சுவிட்சுக்குப் போகும்போது வாசலில் கார் நின்றது.

அர்பாப். தனியாக. லேத்தில் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “டீ,” என்றார். டீ கொடுத்தேன். “இன்னொன்று.” கொடுத்தேன். ஆட்டுக்கு வந்த நோய், மருமகனின் புது வண்டி, மழை இல்லாதது என்று மத்தியான லுஹர் தொழுகை வரைக்கும் பேசினார். முதலாளி பேசும்போது மெஷின் ஓட்ட முடியுமா? கடைசியில் எழுந்தார். லேத்திலிருந்து துண்டைத் தன் கையாலேயே கழற்றி, தன் நீள அங்கியான கந்தூராவின் பைக்குள் போட்டுக்கொண்டார். “அண்ணனிடம் காட்டிவிட்டு வருகிறேன்.”

சாயங்காலம் இருவருமாக வந்தார்கள். பெரியவர் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார். பின்னால் ஓட்டை. “கதவு எங்கே?”

நான் அர்பாப்பைப் பார்த்தேன். அர்பாப் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கத்தினார், ஐயா: “தொலைத்துவிட்டார்கள்! என் தாத்தாவின் இரும்பைத் தொலைத்துவிட்டார்கள், இந்த இரண்டு கழுதைகளும்!”

கந்தூராவின் வலது பக்கம் கனத்துத் தொங்குகிறது. என் கண்ணுக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தேன். தேவண்ணை என் காலை மிதித்தார். பெரியவர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். விசாவை இன்றே கேன்சல் பண்ணு என்றார். “கல்யாணம் முடியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அர்பாப் அவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார்.

கல்யாணம் முடிந்து அர்பாப் வந்தார், பிளாஸ்கோடு. நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவராகவே சொன்னார். சின்ன வயதில் மலைப்பக்கம் அவர் மச்சான் ஒருவன் இதேபோல் மாற்றிய துப்பாக்கியைச் சுட்டானாம். வலது கையில் ஒரு விரலும் மிஞ்சவில்லையாம். “துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறவன் யாரென்று எனக்கா தெரியாது? கேட் செய்கிற கடைக்கு எதற்குக் கொண்டுவந்தேன்? நீங்கள் முடிக்க மாட்டீர்கள் என்றுதான்.”

“அண்ணனிடமே சொல்லியிருக்கலாமே, அர்பாப்!”

“அவர் என் அண்ணன். அப்பா ஸ்தானம். எப்படிச் சொல்வது?”

“எங்களிடமாவது ஒரு வார்த்தை?”

“சொல்லியிருந்தால் உன் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்” என்று கஹ்வாவை ஊற்றி நீட்டினார். எத்தனை ராத்திரித் தூக்கம் போயிருக்கும் எனக்கு! தேவண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை.

இன்று அந்த இடத்தில் கண்ணாடி போட்ட டயர் கடை. தேவண்ணை கனடாவுக்குப் போனார், அங்கேயே காலமானார். அர்பாப்பும் போய்ச் சேர்ந்துவிட்டார். கதவுத் துண்டை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணங்களில் பையன்கள் ஆடிக்கொண்டே வீசிப் பிடிக்கிறதெல்லாம் இப்போது மரத்தில் செய்த துப்பாக்கி. என் விசா ஒரு கம்பெனி பெயரில் இருக்கிறது. கம்பெனி வந்து உட்கார்ந்து டீ கேட்காது. நடந்ததைச் சாட்சி சொல்ல இனி நான் ஒருவன்தான், நான் சொன்னால் நம்ப ஆள் இல்லை.

போன மாதம் மீன் மார்க்கெட்டில் பெரியவரைப் பார்த்தேன். வீல்சேரில் பேரன் தள்ளிக்கொண்டு வந்தான். இந்த வயதிலும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “இவன்தான்! தாத்தாவின் துப்பாக்கிக் கதவைத் தொலைத்தவன் இவன்தான்!” மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. பேரன் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பெரியவர் வலது கையை என் மூக்குக்கு நேரே நீட்டி ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். ஐந்து விரலும் சேர்ந்து என்னைத் திட்டின.

“மாஃப் கரோ, அர்பாப், மன்னிச்சிடுங்க” என்றேன் பெரியவரிடம்.