மதினியின் தகாத சொல்

மதினியின் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. மீன் கழுவின கையோடு எடுத்து எடுத்து அது மங்கிப்போய்விட்டது. மூலையில் எப்போதும் ஒன்றிரண்டு செதில் ஒட்டியிருக்கும். அண்ணன் மனைவியை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்த உறைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. விடியற்காலையில் கன்னியாகுமரிக் கடற்கரையில் மீன் எடுத்து, கொட்டாரம் சந்தையில் உட்கார்ந்து விற்று, வெயில் ஏறியபின் வீடு திரும்புகிறவள். வாய் பெரிது. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களை அவள் வையும் வசவுகளை இங்கே எழுத எனக்குக் கை கூசும். அப்படிப்பட்டவளை ஒரு போன் வாயடைக்க வைத்தது.

ஒருநாள் குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. புளியங்கொட்டை அளவு. அண்ணன் கடலில் இருந்தார். மகளிடம் சொல்லவும் மனம் வரவில்லை. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிய சந்தேகங்களை டாக்டர்களிடம் கேட்கலாம் என்று ஒரு செயலியை மகள் எப்போதோ அந்தப் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். மதினிக்கு எழுத்தைத் தேடித் தட்டப் பொறுமை கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு போனிடம் வாயாலேயே சொன்னாள்: “என் இடது முலையில ஒரு கட்டி இருக்கு. வலி இல்ல. என்ன செய்யணும்?” சொன்னது எழுத்தாக வந்தது. அனுப்பியதும் சிவப்பில் பதில் வந்தது. கேள்வியில் தகாத சொல் இருக்கிறது, திருத்தி அனுப்பவும்.

அவளுக்கு எந்தச் சொல் என்று புரியவில்லை. எங்கள் வீடுகளில் பெரிய வியாதியைப் பெயர் சொல்லிப் பேசுவது வழக்கமில்லை. அதனால் கட்டி என்பதுதான் தப்பு என்று நினைத்து, வீக்கம் என்று மாற்றினாள். மறுபடியும் சிவப்பு. கடைசியில் அந்த இன்னொரு சொல்லை எடுத்துவிட்டு அனுப்பினாள். உடனே போய்விட்டது. சிறிது நேரத்தில், மிகுந்த மரியாதையோடு ஒரு பதிலும் வந்தது: “எந்த இடத்தில் என்று குறிப்பிடவும்.” மதினி போனை அணைத்துவிட்டாள்.

பின்னால் இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எங்கள் ஊரில், பிள்ளைக்கு முலை கொடுத்தாயா என்று தெருவில் நின்றே கேட்பார்கள். கேட்டவளும் கூசியதில்லை, பதில் சொன்னவளும் கூசியதில்லை. பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறவர்களைத் தடுக்கத்தான் யாரோ நல்ல எண்ணத்தில் அந்தத் தடையை வைத்திருப்பார்கள். அசிங்கமாக எழுதுகிறவன் ஆயிரம் வழி கண்டுபிடித்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். மார்பகம் என்ற சொல்லை ஆஸ்பத்திரிப் பலகையில் மட்டுமே பார்த்திருந்த மதினிக்குத்தான் வேறு வழி இல்லாமல் போயிற்று. மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த தன் உடம்பின் பெயரையே அவள் வெட்கப்பட்டு உள்ளே வைத்துப் பூட்டினாள். அந்த மழைக்காலம் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. கட்டி மட்டும் வளர்ந்தது.

ஊர்த் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முந்தின நாள் கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் மதினி. முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டிருந்தாள். அவளிடம் அப்படி என்ன பெரிய பாவம் இருந்துவிடப் போகிறது என்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. உள்ளே போனவள் சீக்கிரமே வந்துவிட்டாள். பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, பாவத்துக்குப் பரிகாரமான அபராதச் செபத்தைச் சொல்லாமல், நேரே என்னிடம் வந்தாள்.

“நாளைக்கு லீவு போடுவியா மக்கா?”

“எதுக்கு மதினி? சாமியார் அபராதம் தரலியா?”

“தந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்.”

போனில் கெட்ட வார்த்தை பேசிவிட்டேன் என்று பாவம் அறிக்கையிட்டிருக்கிறாள். எங்கள் கடற்கரையைத் தவிர வேறெங்கும் ஒருத்தி இப்படிச் செய்வாளா என்று தெரியவில்லை. “சாமி அந்த வார்த்தையப் பத்தி ஒண்ணுமே கேக்கல பாத்துக்கோ. கட்டி எத்தன நாளாட்டு இருக்குன்னுதான் கேட்டாரு,” என்றாள். பிறகு கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் கூட உட்கார்ந்துகொண்டேன். என் முறை வந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன பிரச்சினை என்று கேட்டதும், வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி மதினி அந்தச் சொல்லைச் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். இடது முலையை எடுத்தார்கள். தலைமுடி கொட்டி, திரும்ப முளைத்தது. அடுத்த வருடத் திருவிழாவுக்குள் கொட்டாரத்தில் பழைய இடத்தில் பழைய வாயோடு உட்கார்ந்துவிட்டாள். அவள் யாரையோ வைதுகொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நேற்றுக் காலை குளிக்கும்போது என் கையில் ஒன்று தட்டுப்பட்டது. நான் படித்தவள். எந்தச் சொல் போகும், எந்தச் சொல் போகாது என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து, மார்பகம் என்று போட்டு ஒரு கேள்வியைப் பிழையில்லாமல் எழுதினேன். எழுதியதைப் படித்தால் வேறு யாருடைய உடம்பைப் பற்றியோ எழுதியது போல இருந்தது. அழித்துவிட்டு மதினியைக் கூப்பிட்டேன்.

சந்தை இரைச்சல் கேட்டது. ஈரக் கையோடு அந்த மங்கிப்போன உறைமேலேயே விரலைத் தேய்த்து எடுத்திருப்பாள். “மதினி, என் முலையில ஒரு கட்டி,” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“எந்தப் பக்கம் மக்கா?” என்று கேட்டாள். நான் சொல்வதற்குள், “சரி, அழாத. நாகர்கோவிலுக்கு வா, வடசேரி பஸ் ஸ்டாண்டுல நில்லு. நான் மீனப் பக்கத்துல இருக்கவகிட்ட குடுத்துட்டு இப்பமே வாறேன்.”