க்ளென் விட்ட பந்துகள்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் க்ளென் எதையெல்லாம் ஜெயித்தான் என்று கேட்டால், அவன் அக்கா மௌரீன் ஒன்றையும் விடாமல் சொல்வாள். டிசம்பர் பனியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த பிள்ளையை ஓடவே விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், ஓடினான். அப்பா இறந்த வருஷம், கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றிய பேட்டை வைத்துக்கொண்டு பள்ளி அணிக்கு நூற்றுப் பதினொன்று அடித்தான். பதினாலு வயதில், காரில் வந்து இறங்கிய பிள்ளைகள் முப்பத்தாறு பேருக்கு நடுவே தேர்வான இரண்டு பேரில் ஒருவன். பதினேழில் கணுக்கால் உடைந்தது. ஆறு மாதம் கழித்து வந்து முதல் ஆட்டத்திலேயே நாலரை மணி நேரம் நின்றான். இருபது வயதில் இருபது ஓவர் லீக்கில் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கடைசி வெற்றிக்கு வரும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

மௌரீன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கராகச் சேர்ந்தவள். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரியால் வெட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது.

க்ளென் அவளைவிட எட்டு வயது சின்னவன். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போகும் நேரங்களில் அவனைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பாக இருந்தது. சந்தில் பிள்ளைகள் ஆடும்போது படியில் உட்கார்ந்து நோட்டில் ஸ்கோர் எழுதுவாள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். இல்லையென்றால் மறுநாள் அதே ரன்னுக்கு மறுபடி சண்டை.

பிள்ளைகள் வைத்த சட்டம் ஒன்றும் இருந்தது. ஆஃப் சைடில் திறந்த மோரி ஓடியது. பந்து பேட்டில் பட்டு அந்தச் சாக்கடையில் விழுந்தால் பேட் பிடித்தவன் கையை விட்டு எடுக்க வேண்டும். படாமல் போய் விழுந்தால் பந்து போட்டவன் எடுக்க வேண்டும். மோரியில் கை வைத்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பாள் அம்மா. பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் க்ளெனுக்கு மூச்சு இழுக்கும். அதனால் எட்டு வயதிலேயே அவன் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொடமாட்டான். பேட்டைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எதிர்ப் பையன்கள் மோரியில் கைவிட்டு அலுத்துப்போய் நேராகப் போடுவார்கள். அப்போது அடிப்பான்.

ரன் இல்லாத பந்துக்கு ஸ்கோர் புத்தகத்தில் வெறும் புள்ளி. தடுத்தாலும் புள்ளி, ஏமாந்தாலும் புள்ளி, வேண்டுமென்றே விட்டாலும் புள்ளி. மூன்றும் எப்படி ஒன்றாகும் என்று மௌரீனுக்குப் பட்டது. விட்ட பந்துக்கு மட்டும் அவள் ஒரு குட்டி வட்டம் போட்டாள். பத்தொன்பது வருஷமாக, அவன் ஆடுவதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அப்படித்தான் போடுகிறாள்.

லீக்குக்கு ஆள் எடுத்த சமயத்தில் க்ளப் கோச் ஹரிஷ் அவளுக்கு ஃபோன் செய்தார்.

"ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு அனுப்பணும்மா. அதுக்கு மேல ஒரு செகண்ட் போனா பாக்க மாட்டாங்க. ஷாட் மட்டும் வையிங்க."

அதற்கு முந்தைய வாரம் அவன் தொண்ணூற்றாறு எடுத்த ஆட்டம் அவள் ஃபோனில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஆட்டத்துக்கு நோட்டில் இருபத்தெட்டு வட்டம். சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் போல இருபத்தெட்டையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். மிச்சம் இருந்ததெல்லாம் பந்து பறப்பது மட்டும். ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்ட். க்ளென் தேர்வானான். மௌரீன் தன் லைனில் இருந்த அத்தனை பேருக்கும் ஸ்வீட் கொடுத்தாள்.

பிறகு வட்டங்கள் குறைந்தன. க்ளப்பின் இரண்டு நாள் ஆட்டங்களில் இருபதுக்குக் குறையாமல் இருந்தது பதினொன்றானது, ஏழானது, போன வருஷம் மூன்று. வேறு யாரும் கவனிக்கவில்லை. ஸ்கோர் புத்தகத்தில்தான் எல்லாம் புள்ளியாயிற்றே. மௌரீன் ஒருமுறை சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"டேய், வெளிய போறத ஏன்டா தொடற? நீ தொடவே மாட்டியே."

"நெட்ல எனக்குப் பத்து நிமிஷம்க்கா. எனக்குப் பின்னால எட்டு பேர் பேட் கட்டிக்கிட்டு நிக்கிறான். அதுல ஒண்ண விட்டேன்னு வையி, ஹரிஷ் சார் கத்துவார். டிக்கெட் வாங்கினவன் நீ சும்மா நிக்கிறதப் பாக்கவா வந்தான்னு."

"அது லீக்குக்குடா."

"கை ஒண்ணுதானக்கா இருக்கு. லீக்குக்கு ஒரு கை, இதுக்கு ஒரு கைன்னு கழட்டி மாட்ட முடியுமா?"

இருபத்தாறு வயதில் லீக் அவனைக் கழற்றிவிட்டது. அவனைவிடத் தூரமாக அடிக்கிற பதினெட்டு வயசுப் பையன்கள் வந்துவிட்டார்கள். இனி அவனுக்கு இருந்த ஒரே வழி மாநிலத்தின் நான்கு நாள் ஆட்ட அணி. இந்த வருஷம் அதற்கான தேர்வு ஆட்டம் மூன்று நாள் நடந்தது. முதல் இன்னிங்ஸில் க்ளென் நாலு ரன்னில் ஸ்லிப்பில் பிடி கொடுத்தான். வயது இருபத்தேழு. அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள். கடைசி நாள் காலை, ஹரிஷ் ஃபோனில் அவனிடம் சொன்னது மௌரீனுக்கும் கேட்டது.

"ரன்னே வேண்டாம்ப்பா. டீ வரைக்கும் நில்லு. நின்னா உன் பேர் இருக்கும், நான் பேசிட்டேன்."

அதுவரை அடி அடி என்று கத்திய அதே வாய்.

அன்று மௌரீன் அரை நாள் லீவு போட்டாள். கீழ் வீட்டு ஹெர்பர்ட் அங்கிள், ரயில்வேயில் ரிடையர் ஆனவர், தன் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். வழி முழுக்க டிவியில் பார்த்த டெஸ்டைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"உன் தம்பி மட்டும்னு நெனச்சுக்காத மௌரீன். டிவில வர்றவனும் அதே பந்துக்குத்தான் கைய நீட்டுறான். கோடி கோடியா வாங்குறான், ஒரு பந்த விடத் தெரியல."

"நானும் நோட்ல போட்டுப் பாத்தேன் அங்கிள். ஒரு இன்னிங்ஸ்ல பதினோரு பேரும் சேந்து பதினெட்டு வட்டம்."

"டெஸ்டுக்கே வட்டம் போட்டியா? உனக்கு வேற வேலையே இல்லையாம்மா!"

மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். க்ளென் இறங்கியபோது மணி ஒன்றே கால். டீ இடைவேளை இரண்டு நாற்பதுக்கு. உயரமான ஒரு வேகப்பந்துப் பையன் ஒவ்வொரு பந்தையும் ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தான். முதல் பந்து. க்ளென் பேட்டைத் தூக்கினான். வட்டம். இரண்டாவது, வட்டம். மூன்றாவதையும் விட்டான். மௌரீன் பென்சிலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் ஒரு முழு ஆட்டத்துக்கு ஆனது இப்போது ஒரே ஓவரில் ஆகிவிட்டது.

"என்னம்மா எழுதற? ரன்னே வரலயே," என்றார் ஹெர்பர்ட்.

"சும்மா இருங்க அங்கிள்."

ஒன்பதாவது வட்டத்தின்போது மணி ஒன்றரை. க்ளெனின் முன்னங்கால் லேசாகத் துடிப்பதை அவள் பார்த்தாள். லீக்கில் பந்து வருவதற்கு முன்பே விலகிக் கை வீச வழி விடப் பழகிய கால். ஒவ்வொரு பந்தையும் விட்ட பிறகு அவன் கையுறையைக் கழற்றி மாட்டினான். களைத்துப்போனவன் தூக்கத்தோடு போராடுகிற மாதிரி இருந்தது. ஒரு பந்தை விடுவதற்கு இவ்வளவு பாடுபடுவதை அவள் அவனிடம் பார்த்ததேயில்லை. எட்டு வயதில் அதற்கு ஒரு பாடும் இல்லை.

ஸ்லிப்பில் நின்றவன் கைதட்டிக் கத்தினான்: "என்ன மச்சா, சிக்ஸர் ஸ்டார் லீவா?"

பதினாலாவது பந்து. அதே இடம். மௌரீன் வட்டத்தைப் பாதி வரைந்துவிட்டாள். க்ளெனின் தலை அசையவில்லை. கைகள் மட்டும் போயின. சின்னச் சத்தம்தான் கேட்டது. ஸ்லிப்காரன் பந்தை மேலே எறிந்து பிடித்தான்.

க்ளென் அம்பயரைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். மௌரீன் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தாள். பர்ஸில் ஒரு தாள் நிறைய அம்பு ஸ்டிக்கர் எப்போதும் இருக்கும். தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஒட்டித் திருப்பி அனுப்பத்தான் இடம் இல்லை.

சாயங்காலம் வீட்டுப் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

"அந்த வீடியோல நீ விட்டதயெல்லாம் நான்தான்டா வெட்டினேன். இருபத்தெட்டு."

"தெரியும்க்கா. வெட்டலன்னா என்ன எடுத்திருக்கவே மாட்டாங்க."

"எடுக்காம இருந்திருந்தா?"

"அப்போ வெட்டாம விட்டுட்டியேன்னு உன்னத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

வியாழக்கிழமை வாட்ஸப்பில் பட்டியல் வந்தது. மௌரீன் கார்மெண்ட்ஸில் டீ நேரத்தில் மேலிருந்து கீழே மூன்று முறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள். அன்று அவள் கை வழியாகப் போன சட்டைகளில் எதிலெல்லாம் குறை இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது க்ளென் கட்டிலுக்கு அடியிலிருந்து ட்ரங்க் பெட்டியை இழுத்து வைத்திருந்தான்.

"என் மொத நோட்டு எங்கக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். நாற்பது பக்க ஸ்கூல் நோட்டு, அட்டை போய்விட்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பென்சில் வட்டம். அவன் விரல் வைத்து எண்ணினான். முப்பத்தொன்று.

"இவ்ளோ எப்படிக்கா விட்டேன்?"

"மோரி இருந்துச்சுல்ல."

"இப்ப ஸ்லாப் போட்டு மூடிட்டாங்களே."

"ஆமா," என்றாள்.

அந்த முப்பத்தொரு வட்டம் விழுந்த நாளில் ஆட்டம் முடிகிற வரை அவன் அவுட்டே ஆகவில்லை. பெரிய பையன்கள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு அணிக்குக் கையெழுத்துப் போட ஆளே இல்லை. நீயே போடுடா என்று மௌரீன் பென்சிலைக் கொடுத்தாள். அதுவரை அவன் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, தாளின் மறுபக்கத்தில் தடம் விழும்படி அழுத்தி எழுதினான். 'க்ளெ' பெரிதாக வந்து, 'ன்' கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதன் கீழே மௌரீனின் குண்டு எழுத்தில் தேதி: 2006 மே 14, ஞாயிறு.